சட்டைச்செடி

மேட்டுத்துறையில் கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடம்பும் கரை ஒதுங்காமல் போய்விட்டால், அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் எடுத்துவந்து, ஊருக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் குழிபறித்துப் புதைத்து, மேலே ஒரு குச்சிச் சிலுவை ஊன்றி, மேட்டடி ஊற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தவனுக்கு நாக்கு நனைய நல்ல தண்ணீர் வேண்டாமா என்பதுதான் அதற்குக் காரணம். துவைத்த சட்டை செல்லாது. துவைத்த சட்டையில் ஆள் இல்லை, அது வெறும் துணி. அதனால் அந்த ஊர்ப் பெண்கள் புருஷன் கடலில் இருக்கும்போது அவன் சட்டையில் தண்ணீர் பட விடமாட்டார்கள். கொடியில் அப்படியே போட்டுவைத்து, அவன் வள்ளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாளியில் முக்குவார்கள்.

சவேரியாள் தன் புருஷன் கஸ்பாரின் நீலக்கட்டம் போட்ட சட்டையை அப்படித்தான் புதைத்தாள். கேரளக் கரையில் பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகும் தங்கலுக்குத் தம்பி இன்னாசியோடு போனவன் திரும்பவில்லை. இன்னாசி மட்டும் திரும்பி வந்து, ஒரு பெரிய அலை வந்தது, அண்ணன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்றான், அலை போனது, அண்ணன் இல்லை என்று சொல்லி மணலில் விழுந்து புரண்டு அழுதான். அந்த நீலக்கட்டச் சட்டை கஸ்பாருக்கு உயிர். எந்தத் தங்கலுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவான். அந்த ஒரு முறை மட்டும் வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கிழிந்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். எனக்கென்று எதையாவது விட்டுப்போகத் தோன்றியிருக்கிறதே மனுஷனுக்கு என்று அதைச் சொல்லிச் சொல்லியே சவேரியாள் அழுதாள். பிள்ளை இல்லாதவள், அழுவதற்கு அவளுக்கு அந்தச் சட்டையை விட்டால் வேறு என்ன இருந்தது?

மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை யாரும் கட்டவில்லை, காற்று கட்டியது. இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல் மணலைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, அடம்பங்கொடி அதன்மேல் படர்ந்து ஊதாப்பூ பூக்க, கோடைக்காற்றில் இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் கரையோரம் உருண்டோட, அவற்றைப் பிள்ளைகள் துரத்த, மேடு அதுபாட்டுக்கு இருந்தது. பெய்கிற மழையை எல்லாம் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, மேட்டடியில் யார் கையால் பறித்தாலும் தேங்காய்ச் சிரட்டை முங்கும் அளவுக்குத் தண்ணீரை விட்டுக்கொடுக்கும். கடல் கூப்பிடு தூரத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு கிடக்க, அந்த ஊற்று மட்டும் இளநீராக இருந்தது. ஊர் குடித்தது, சமைத்தது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது எல்லாம் அதில்தான்.

ஒரு பெரிய புயல் அடித்து ஓய்ந்த வருஷத்தில் ஜீப்பில் ஆட்கள் வந்து, மணலைக் கட்டிப்போட ஒரு செடி கொண்டுவந்திருக்கிறோம், இது நின்றால் மேடு நகராது, கடல் ஊருக்குள் வராது என்று சொன்னார்கள். மேடு எங்கே நகர்ந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இருந்தாலும் படித்தவர்கள் வெயிலில் வியர்த்து வழிந்து சொல்வதை எப்படி மறுப்பது என்று தலையாட்டினார்கள். சாம்பல் பூத்த இலையும் சிவந்த தண்டுமாக இடுப்புயரச் செடி. எந்த நாட்டுச் செடி என்று கேட்டதற்கு, நல்ல நாட்டுச் செடிதான் என்று பதில் வந்தது. ஆடு மோந்து பார்த்துத் தும்மிவிட்டு நகர்ந்தது. ஊர் அதை மறந்தது. செடி ஊரை மறக்கவில்லை, மணலுக்கு அடியில் வேரோட்டி, குச்சிச் சிலுவை நிற்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து முளைத்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ரோணிக்கம். ஒரே மகன் லூயிசைக் கடலுக்குக் கொடுத்தவள். அவன் சட்டைக்குழிக்கு அந்தி சாய்கிற நேரம் போய் உட்கார்ந்திருப்பது வழக்கம். அன்றைக்கு அங்கே முளைத்திருந்த செடியிலிருந்து மகன் வாசம் வந்தது. ஐஸ்பெட்டி வாசம், மஞ்சள் சோப்பு வாசம், அவன் கழுத்துப் பட்டைக்கென்றே உள்ள ஒரு புளித்த வாசம், மூன்றும் ஒன்றாக. ரோணிக்கம் அலறவில்லை, ஓடவில்லை. செடிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "எங்கல போயிருந்த இத்தன நாளா?" என்று கேட்டுவிட்டு, ஊற்றில் ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றினாள்.

மறுநாள் மேட்டில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு சட்டைக்குழிச் செடியிலும் அந்தந்த ஆளின் வாசம், அவன் போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. கள் குடித்துவிட்டுக் கடலுக்குப் போன ஒருவனின் செடி காலை மாலை கள் வாசம் அடித்தது; அவன் பெண்டாட்டி தினமும் வந்து "செத்தும் குடிய விடலியே பாவி மனுசா" என்று வைதுவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருவனின் செடியில் அவன் வீட்டில் யாருமே வைக்காத மரிக்கொழுந்து மணந்தது. அவன் பெண்டாட்டி இரண்டு நாள் வராமலிருந்து, மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, அரைக்குடம் மட்டும் ஊற்றினாள். பங்குச்சாமி முதல் ஞாயிறு இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைத்தார், அடுத்த ஞாயிறு மேட்டுக்கு வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், அதற்கடுத்த கல்லறைத் திருநாளுக்குப் பூசையையே மேட்டில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஊரின் நடப்பே மாறிப்போனது. இளவட்டங்கள், நாளைக்கு நமக்கு ஒன்று ஆகிவிட்டால் செடி நல்ல கெட்டியாக மணக்க வேண்டுமே என்று ஒரே சட்டையை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிய, பக்கத்தில் நின்று பேச முடியவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் எந்த எண்ணெய் தேய்க்கிறான் என்று பெண்வீட்டார் முன்கூட்டியே விசாரித்தார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் புறப்படும் புருஷனைப் பிடித்து நிறுத்தி, இந்த வாசத்தோடு போகாதே, குளித்துவிட்டுப் போ என்று பெண்டாட்டிகள் மல்லுக்கட்டினார்கள். செடிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அடம்பங்கொடியை அறுத்துப் போட்டார்கள், இராவணன் மீசையைப் பிடுங்கி எரித்தார்கள். வெறும் மணலில் தானாக முளைத்த செடிகளுக்கு எந்த வாசமும் இல்லைதான், ஆனாலும் அடியில் எந்தக் காலத்து எவருடைய சட்டை கிடக்கிறதோ என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. செடிக்கு அதுதானே வேண்டும். ஒரு மழைக்குள் மேடு முழுக்க அதன் ராஜ்ஜியமாகிவிட்டது.

அத்தனை செடிகளிலும் சவேரியாளின் செடிக்கு ஒரு தனி மதிப்பு வந்தது. மற்றவை எல்லாம் என்றைக்கும் ஒரே வாசம் அடிக்க, கஸ்பாரின் செடி மட்டும் நாளுக்கொரு வாசம் அடித்தது. முதலில் பீடியும் தேங்காயெண்ணெயும் டீசலும் கலந்த அவன் வாசம்தான். பிறகு அதன்மேல் ரப்பர்ப் பால் உறைய வைத்துப் புகைபோடும் வாசம் வந்தது. பிறகு நேந்திரங்காய் வறுக்கும் வாசம், மழையில் ஊறிய செம்மண் வாசம், ஏலக்காய் போட்டுப் பால் விடாத கட்டன்சாயா வாசம், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசம். பெண்கள் தங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு சவேரியாளின் செடிக்கு வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"நீ குடுத்து வச்சவட்டி. எங்க வீட்டு ஆம்பளய செத்தா செத்ததுதான். ஒம் மனுசன் மட்டும் மோட்சத்துலயும் ஒரு எடத்துல இருக்க மாட்டாவ போல. போற எடத்துல உள்ளதெல்லாம் ஒனக்குக் கொண்டாந்து காட்டுதாவ" என்பாள் ரோணிக்கம்.

சவேரியாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று திருமண வீட்டில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவள், இப்போது முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டாள். மேட்டுக்குப் போக விடியும்போதே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். ஊற்றில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் வழிவிட்டார்கள். மற்றவர்கள் ஒரு குடம் ஊற்றினால் அவள் இரண்டு ஊற்றினாள்.

ஒரு காலையில் செடியிலிருந்து சுட்ட வசம்பும் விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் மணந்தது. பச்சைப்பிள்ளை வாசம். கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோணிக்கம்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி சவேரி, ஒங்களுக்குப் பொறக்காத புள்ள மேல இருந்திருக்குட்டி. அவன் போய் தூக்கி வச்சிருக்கான்" என்றாள். சவேரியாள் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். சந்தோஷ அழுகை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை வேறு இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியவள் கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றாள். வசம்பை எதற்குச் சுடுவார்கள்? பிள்ளைக்கு வயிறு பொருமினால் சுட்டு உரசிக் கொடுப்பார்கள். மோட்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு வயிறு பொருமுமா? லூயிசின் செடி ஏன் என்றைக்கும் ஒரே ஐஸ்பெட்டியாக மணக்கிறது, கள்குடியன் செடி ஏன் என்றைக்கும் கள்ளாகவே மணக்கிறது? செத்தவனுக்கு வாசம் மாறாது. புதுச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவும், நேந்திரங்காய் வறுக்கிற இடத்தைக் கடந்து போகவும், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டவும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக வலைக்கூடத்துக்கு நடந்தாள்.

இன்னாசி தனியாக உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். செடிகள் மணக்க ஆரம்பித்த நாளிலிருந்து மேட்டுப் பக்கமே வராதவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இன்னாசி, ஒங்க அண்ணன் எங்க இருக்காவ?"

அவன் தலை நிமிரவில்லை. "என்ன மைனி கேக்கிய? மேட்டுலதான."

"மேட்டுல சட்ட இருக்கு. ஆள் எங்க?"

வலைக்கண்ணில் ஊசி நின்றது. அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை. ரொம்ப நாள் சுமந்த பாரத்தை இறக்கி வைக்கிறவனைப் போலப் பெருமூச்சு விட்டான்.

"மேக்க எறங்கிட்டாவ மைனி. கொல்லத்துக்கு அங்கிட்டு, மலையடிவாரத்துல. அங்கன ஒரு பொம்பள இருக்கா. நான் கால்ல விழுந்தேன். கேக்கல. மாதா மேல சத்தியம் வாங்கிட்டாவ."

"அப்ப அந்த அலை?"

"அலையே இல்ல மைனி. அன்னைக்குக் கடல் தட்டு மாதிரி கெடந்திச்சி."

"சட்டைய ஏன் கழட்டிப் போட்டுட்டுப் போனாவ?" சவேரியாளுக்கு இதுதான் தெரிய வேண்டியிருந்தது. வேறு எதையும்விட இது.

இன்னாசி வலையை மடியிலிருந்து தள்ளினான். "ஒங்களுக்குப் பொதைக்க ஒண்ணு வேணும்லான்னாவ. சட்ட பொதைச்சிட்டா ஊரு அதுக்கப்புறம் தேடாது, ஒம் மைனியும் தேட மாட்டான்னாவ."

"பொதைக்கையில நீயும் மண்ணு அள்ளிப் போட்டியே."

"போட்டேன்."

"உருண்டு அழுதியே இன்னாசி."

"அழுதது நெசம் மைனி. எனக்கும் அண்ணன் போனது போனதுதான" என்றான் அவன்.

சவேரியாள் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கொடியில் கிடந்த சட்டையை முகத்தில் பொத்தி அழுத அழுகை, அதைப் புதைக்க மனமில்லாமல் ஒரு நாள் முழுக்க மடியில் வைத்திருந்தது, விட்டுப்போனதிலேயே அன்பு இருக்கிறது என்று நம்பியது எல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கட்டியவன் அவளைக் கைவிட்டான் என்பதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஊர் வழக்கத்தையே ஒரு கதவாகச் சாத்திவிட்டு, சாவியையும் அவள் கையிலேயே கொடுத்துப் பூட்ட வைத்தானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இதை வெளியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தவளுக்கு மறுபடியும் ஓரத்துக்குப் போக மனம் வரவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, சொல்லவே கோபம் வருகிறது, தெரிந்த பிறகும் அவள் தினமும் மேட்டுக்குப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து மோந்து பார்த்தாள். பிள்ளைக்கு இருமல் வந்ததும், கற்பூரவள்ளி கசக்கிக் கொடுத்ததும், அந்த வீட்டில் பலாப்பழம் வெட்டியதும் அவளுக்குத் தெரிந்தது. "நாசமாப் போவ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு குடம் ஊற்றிவிட்டு வந்தாள்.

அதற்குள் ஊற்று சுருங்கத் தொடங்கியிருந்தது. முதலில் சிரட்டை முங்கக் கொஞ்சம் ஆழமாகப் பறிக்க வேண்டியிருந்தது. பிறகு இடுப்பளவு பறித்தார்கள். பிறகு ஆள் இறங்கிப் பறித்தார்கள். கிடைத்த தண்ணீரில் பாதி செடிக்குத்தான் போனது. செத்தவர்களை வாட விட்டுவிட்டு நாம் குடிக்கவா என்று கேட்டுக்கொண்டு ஊற்றினார்கள். மழைத் தண்ணீர் முழுவதையும் அந்தச் சிவந்த தண்டுகள் உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல் மணலுக்கு அடிவழியாக வந்து சேர்ந்தது. ஒருநாள் டீக்கடையில் ஊற்றிய டீ எல்லாம் திரிந்துபோனது. சோறு மஞ்சளாக வெந்தது. பச்சைப்பிள்ளைகள் பாலைக் கக்கின.

அப்போது பார்த்து ஜீப் மறுபடியும் வந்தது. இறங்கியவர்கள் வேறு ஆட்கள், சட்டை மட்டும் அதே மாதிரி. இது நம் மண்ணுக்கு ஆகாத செடி, தண்ணீரை எல்லாம் குடித்துவிடும், யார் இதை நட்டது, உடனே பிடுங்கிப் போடுங்கள் என்று அதட்டினார்கள். "நட்டவிய நீங்கதான்" என்றதற்கு, அது முந்தைய திட்டம் என்றார்கள். ஒருவர் கஸ்பாரின் செடியில் கையை வைத்தார், அவ்வளவுதான், ரோணிக்கம் முதற்கொண்டு அத்தனை பெண்களும் துடுப்போடும் விளக்குமாற்றோடும் துரத்தியதில் ஜீப் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடியது.

ஜீப்பைத் துரத்தலாம், தாகத்தை எங்கே துரத்துவது? கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. செடி போனால்தான் ஊற்று என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யார் முதலில் கை வைப்பது என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உன் அப்பனைப் பிடுங்கு, பிறகு என் அண்ணனைப் பிடுங்குகிறேன் என்று சண்டை கிளம்பி, ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்தபோது ரோணிக்கம் எழுந்தாள்.

"சவேரி புடுங்கட்டும். நம்ம ஆளுவ எல்லாம் செத்து அடங்கியாச்சி. அவ மனுசன் ஒருத்தன்தான் இன்னமும் தெனம் வந்து போறான். அவளே அவன விட்டுட்டான்னா, எம் புள்ளய நான் புடுங்குதேன்" என்றாள்.

முற்றம் முழுக்கச் சவேரியாளைப் பார்த்தது. தூணுக்குப் பின்னாலிருந்து இன்னாசியும் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. உன்னுடையது பொய், எங்களுடையது மெய் என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குத் தன் செடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாலைக் கக்கும் பிள்ளைகள் கக்கிக்கொண்டேயிருக்கும். உண்மை சொல்லித் தண்ணீர் வராது, பொய்தான் தண்ணீரைக் கொண்டுவரும். கஸ்பாரின் பொய்யை இன்னும் ஒரு முறை, இந்தத் தடவை அவளே தூக்க வேண்டும்.

"புடுங்குதேன்" என்றாள்.

ஊரே பின்னால் வர அவள் மேடேறினாள். செடியின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். அது வருவதாக இல்லை. மணலைக் கையால் பறித்துப் பறித்து இழுத்தாள். நீலக்கட்டச் சட்டை மக்காமல் வெளியே வந்தது, அதன் கழுத்து வழியே வேர் உள்ளே இறங்கி, இரண்டு கைகளிலும் புகுந்து நிறைந்து, பொத்தான் போட்ட நெஞ்சை உப்ப வைத்திருந்தது. படுத்திருக்கிற ஆளைத் தூக்குவது மாதிரிதான் இருந்தது. சவேரியாள் அதன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சட்டையைக் கிழித்து, வேரைப் பிய்த்து எறிந்தாள். அவளுக்கிருந்த வேகத்தைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்கள். எவ்வளவு பாசம் இருந்தால் இவ்வளவு ஆவேசம் வரும் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் ரோணிக்கம் தன் மகனிடம் போனாள். மற்றவர்களும் போனார்கள். மேடு முழுக்க அழுகுரல் எழுந்தது. முன்பு ஒருதரம் புதைத்து அழுதவர்களையே இப்போது தோண்டி அழுதார்கள். லூயிசின் சட்டைக் கையிலிருந்து வேரை உருவ முடியாமல் ரோணிக்கம் அந்தக் கையை வாயால் கடித்துக் கிழித்ததை சவேரியாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தியில் குவித்துத் தீ வைத்தபோது எல்லா வாசமும் ஒன்றாக எழும்பி, கடல் பக்கம் போய், இல்லாமல் போனது.

மழை வந்தது. யாரும் நடாமலே அடம்பங்கொடி எங்கிருந்தோ படர்ந்து வந்தது. ஊற்றில் முதல் சிரட்டைத் தண்ணீரைப் பங்குச்சாமி ருசி பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். இனித்தது.

செடி பிடுங்கியதில் ஒட்டிய வாசம் எல்லோர் கையிலும் போய்விட்டது. சவேரியாளின் உள்ளங்கையில் மட்டும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாள். அடுத்த நாள் காலையில் கை கட்டன்சாயா மணக்கும், அதற்கடுத்த நாள் ரப்பர்ப்புகை மணக்கும். ஊர் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு இல்லாதது அவளுக்கு இருக்கிறது, தகும் என்றார்கள். ரோணிக்கம் மட்டும் தினமும் ஊற்றங்கரைக்கு வந்து, "கையக் குடுட்டி. எனக்குத்தான் ஒண்ணுமில்ல, ஒம் மனுசன் வாசமாவது பிடிச்சிக்கிடுதேன்" என்று கேட்டு வாங்கி மோந்துகொள்வாள். மகனை இழந்தவளுக்கு எப்படி இல்லை என்று சொல்வது? சவேரியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவாள்.

ஒருநாள் அந்தக் கையில் ஆம்பளை வியர்வையும் பிராந்தியும் கோழிக்குழம்பும் புதுத்துணியும் மணந்தன. பிள்ளைக்குச் சோறூட்டு விசேஷமாக இருக்க வேண்டும். ரோணிக்கம் மோந்தாள், கையைத் திருப்பி மறுபடி மோந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது.

"மோட்சத்துல ஏதுட்டி பிராந்தி? லூயிசு வாசம் ஒருநாளும் மாறல" என்றாள் மெதுவாக. "ஒருத்தன் வாசமும் மாறல."

சவேரியாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கான்."

"மாமி..."

"ஒனக்கு எப்பத்துலேருந்து தெரியும்? முற்றத்துல நான் எந்திரிச்சி நிக்கையில தெரியுமா?"

சவேரியாள் தலையாட்டினாள். ரோணிக்கம் அவள் கையை விட்டாள்.

"உயிரோட இருக்கவன் ஒருத்தன வச்சிக்கிட்டு, செத்த எம் புள்ளய என் கையாலயே புடுங்க வச்சிட்டியேட்டி" என்றாள். கத்தவில்லை. நிறைத்த குடத்தை ஊற்றிலேயே கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து அந்த ஊற்றுத் தண்ணீரைத் தொடவும் இல்லை. வலி கண்ட முழங்காலோடு அடுத்த ஊர்க் குழாய்வரை நடந்துபோய்த் தூக்கி வந்தாள். தினமும் சவேரியாளின் வாசல் வழியாகத்தான் போனாள். தினமும் சவேரியாள் வாசலில் நின்றாள். ரோணிக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஏமாற்றப்பட்டவள் ஏமாற்றினால் கணக்கு நேராகிவிடும் என்று சவேரியாள் நினைத்திருந்தாளோ என்னவோ, இப்போது இரண்டுமே அவள் மேல்தான் கிடந்தன.

காலம் ஓடியது. அடம்பங்கொடி மேடு முழுக்கப் பூத்தது. ஒரு காலை சவேரியாள் கண்விழித்துக் கையை மோந்தாள், பிள்ளைப் பவுடர், ரப்பர்ப்புகை, ஏலக்காய் போட்ட கட்டன்சாயா. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. மழை பெய்து ஓய்ந்தபோதும் செம்மண் வாசம் வரவில்லை. அவள் நாள் முழுக்கக் கையை மூக்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊற்றில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு ரோணிக்கத்தின் வாசலில் போய் நின்று, வலது கையை நீட்டினாள்.

ரோணிக்கம் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு குனிந்து மோந்தாள். "நாளைக்கு வா" என்றாள். மறுநாளும் மோந்தாள். "நாளைக்கும் வா" என்றாள். மூன்றாம் நாள் மோந்துவிட்டு அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாறலட்டி" என்றாள்.

சவேரியாள் வாசல்படியில் உட்கார்ந்தாள். சாகும்போதுகூட அவன் பீடிக்கும் தேங்காயெண்ணெய்க்கும் திரும்பி வரவில்லை. அந்த வீட்டின் பவுடரையும், அந்த வீட்டின் ஏலக்காயையும் இனி அவள் சாகிறவரை தன் கையில் வைத்துக்கொண்டுதான் சோறு பிசைய வேண்டும். அவனுக்காக அழ வேண்டிய அழுகையை அவன் உயிரோடு இருக்கும்போதே ஏமாந்து அழுது தீர்த்துவிட்டிருந்தாள். இப்போது அழ வேண்டிய நேரத்தில் கண் காய்ந்து கிடந்தது. "எனக்கு அழுக வரல மாமி" என்றாள்.

ரோணிக்கம்தான் அழுதாள், யாருக்காக என்று சொல்லாமல். அழுது முடித்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, படியில் இருந்த செம்பை எடுத்து, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியைச் சவேரியாளிடம் நீட்டினாள்.